340 ரூபாயின் கைச்சூடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'நட்புக்கு நெருக்கமானது கையில் கொடுக்கும் பணமா, செல்போனில் அனுப்பும் பணமா?' இதுதான் தலைப்பு. நான் செல்போன் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "ஜிபே பண்ணுகிற பணத்துக்குக் கைச்சூடு கிடையாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யுபிஐ வந்தது 2016-இல், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம், நண்பனுக்கு அனுப்பக் கட்டணம் இல்லை, பட்டன் போனிலும் வந்துவிட்டது என்றெல்லாம் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். அது ஓரமாக இருக்கட்டும். கைச்சூட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2019 மார்கழி. இரவு ஒன்றரை மணி. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டு வந்திருக்கிறேன். மருத்துவமனை கவுண்டரில் பத்தாயிரம் முன்பணம் கேட்கிறார்கள். என் சட்டைப்பையில் 1,100 ரூபாய். அம்மா தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒரே வரி போட்டேன்: "அப்பாவுக்கு முடியலை, பணம் வேணும்."

அப்புறம் நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன், கேளுங்கள். டிங். 500. டிங். பெங்களூரிலிருந்து 2,000. டிங். என்னோடு பேசி ஒரு வருடம் ஆன ஒருத்தன், 3,000. டிங், டிங். கவுண்டரில் இருந்த அக்கா எழுந்து என் போனை எட்டிப் பார்த்தார். அடுத்து வந்தது 340 ரூபாய்.

மறுபடியும் சொல்கிறேன், முந்நூற்று நாற்பது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட்டில் நின்றுகொண்டு அனுப்பியிருக்கிறான். பணத்தோடு ஒரு வரி: "அக்கவுண்ட்ல இவ்வளவுதான் மச்சான் இருக்கு." நடுவர் அவர்களே, தனக்கு வைத்துக்கொண்டு கொடுக்கிறவன் 300 கொடுப்பான், 500 கொடுப்பான். கணக்கைத் துடைத்துக் கொடுக்கிறவன்தான் 340 கொடுப்பான்!

அண்ணே, அவன் கையில்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றால், திருப்பூரில் பஸ் ஏறி விடிந்த பிறகுதானே திருச்சிக்கு வந்திருப்பான்? அவன் கைச்சூடு வந்து சேரும்வரை என் அப்பா கையில் சூடு இருந்திருக்குமா?

அரை மணி நேரத்தில் பத்தாயிரம் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் மொய் நோட்டு உண்டு. யார் என்ன செய்தார்கள் என்று அப்பா கைப்பட எழுதி வைப்பார், அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதற்காக. அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போனைக் கொடுடா" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பெயர், ஊர், தொகை. கை நடுங்கியது, நான் எழுதுகிறேன் என்றாலும் பேனாவைத் தரவில்லை. ஐந்நூறு, ஆயிரம், மூவாயிரம் எல்லாம் கீழேதான். முதல் வரியில் எழுதியிருந்தார்: திருப்பூர், 340.