பழைய சாமான்காரர் கடைசியில் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பெற்றோர் காலமாகி, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் ஓட்டு வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நாலு நாள் லீவு போட்டுக் காலி செய்ய வருகிறவர்கள், வந்த அன்றே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவர் கடைசியில் வரவேண்டிய ஆள்.

முதல் நாள் வெளியாள் யாரும் வேண்டாம். டிரங்குப் பெட்டி, சாமி அலமாரி, பரண், பழைய பஞ்சாங்கக் கட்டு என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள். மூலப்பத்திரம் எடைக்குப் போய்விட்டால் பதிவு அலுவலகத்தில் நகல்தான் கிடைக்கும். வீடு வாங்க வருகிறவரோ அசலைக் கேட்பார். ஓலைச்சுவடி இருந்தால் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் காட்டுங்கள். நூறாண்டு கடந்த விக்கிரகமும் ஓவியமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுப் பிள்ளை அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது.

அடுத்து பாத்திரம். அதிகம் ஏமாறுவது இதில்தான். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுப் பித்தளை விலை பேசுவார்கள். சம்மதிக்காதீர்கள். செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். தட்டினால் மணிபோல ஓசை நீள்வது வெண்கலம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு காரீயம் அல்ல, வெள்ளீயம். செம்பைவிட விலை கூடுதல். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தராசில் சந்தேகம் இருந்தால் பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை முதலில் ஏற்றிப் பாருங்கள்.

நெல் கொட்டிவைக்கும் மரப்பெட்டியான பத்தாயத்துக்கு ஆசாரிதான் வேண்டும். முழுதாக அது வாசல் நிலையைத் தாண்டாது. பலகைக்குப் பலகை சாக்பீஸால் எண் போட்டுக் கழற்றினால் வாங்கியவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். சம்மட்டியால் அடித்தால் தேக்கு பிளந்து விறகாகிவிடும்.

யாரோடு பேசினாலும் வாரிசுகள் சார்பில் ஒருவரே பேசட்டும். அண்ணன் ஒரு விலை, தங்கை ஒரு விலை சொன்னால் வேலை நின்றுபோகும். குப்பை அள்ளும் கூலியில் டிராக்டர் வாடகையும் சேர்த்தியா, எத்தனை லோடு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கால் பங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். கழுவி முடியும்வரை மின் இணைப்பு இருக்கட்டும். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீருக்கு எங்கே போவது?

விற்பனை இழுத்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறவரை அழைத்து, முற்றத்துக் கூடல்வாயில், அதாவது இரண்டு கூரைச் சரிவு சேரும் இடத்தில், கிடக்கும் சருகை வாரச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்சுவரில் இறங்கும்.