போர்வை துவைக்கிற காலம்தான், தம்பி!

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு: செப்டம்பரில் நம் தென்னாப்பிரிக்காவில் பிறக்கிற வசந்த கால இன்பம் வீட்டு முற்றத்திலா, ஊர் சுற்றுவதிலா? நான் முற்றத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நமக்வாலாந்துக் காட்டுப்பூக்களைச் சொன்னார், டிராகன்ஸ்பெர்க் மலையைச் சொன்னார், அக்டோபரில் பிரிட்டோரியா முழுக்க ஜக்கரண்டா பூத்து ஊதாவாக நிற்பதைச் சொன்னார். அழகாகச் சொன்னார், நானும் கைதட்டினேன். ஆனால் முடிக்கும்போது ஒன்று போட்டார் பாருங்கள்: "வீட்டிலேயே கிடப்பவர்களுக்கு வசந்தம் என்றால் போர்வை துவைக்கிற காலம், அவ்வளவுதான்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யார் யார் சிரித்தீர்கள் என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஜக்கரண்டாவை முதலில் முடித்துவிடுகிறேன். அது இந்த நாட்டு மரமே இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரிட்டோரியாவில் முதல் இரண்டு மரங்கள் எங்கே நின்றன தெரியுமா? 1888-இல் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். வீட்டுத் தோட்டத்தில், தம்பி! நீங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு பார்க்கப் போகிற வசந்தம், யாரோ ஒருவர் வீட்டில் இருந்து தண்ணீர் ஊற்றியதால் வந்த வசந்தம். சரி, அது போகட்டும்.

போர்வைக்கு வருகிறேன். ஆமாம், போர்வை துவைக்கிற காலம்தான்! அதில் என்ன குறை? நீங்கள் துவைத்திருக்கிறீர்களா? இதே டர்பனில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் ஆயா வீட்டில் செப்டம்பர் பிறந்தால் குளிர்காலப் போர்வை அத்தனையும் குளியல் தொட்டிக்குள் இறங்கும். சன்லைட் சோப்பைச் சீவிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, பிள்ளைகளை உள்ளே இறக்கி விடுவார் ஆயா. மிதிக்க வேண்டும். அதுதான் வேலை! உலகத்தில் வேறு எந்த வேலைக்காவது பிள்ளைகள் வரிசையில் நின்று சண்டை போட்டிருக்கிறார்களா? சித்தி மகனும் நானும் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து மிதிப்போம். தண்ணீர் கறுத்துப் போகும். "இன்னும் மிதி, இன்னும் மிதி, அழுக்கு போகலை" என்று ஆயா வாசலில் நின்று குரல் கொடுப்பார். பிறகு இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, கொல்லைக் கொடியில் போட்டு, கொடி தாழாமல் கழி முட்டுக் கொடுத்தால், அப்பாடா! அன்று ராத்திரி அந்தப் போர்வைக்குள் முகத்தை வைத்தால் வெயில் மணக்கும். டிராகன்ஸ்பெர்க்கில் அது கிடைக்குமா?

இப்போது நான் சொல்லப்போவது செப்டம்பர் 24 அன்று நடந்தது. அன்று பாரம்பரிய தினம், 1995-இலிருந்து நாட்டுக்கே விடுமுறை. இந்த நாட்டுப் பாரம்பரியம் என்றால் என்ன? கொல்லையில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவது, பிராய்! ஆனால் நமக்கோ அது எந்த மாதம்? புரட்டாசி! சட்டியிலிருந்து முட்டை வரைக்கும் வீட்டைவிட்டுப் போயிருக்கிற மாதம். ஊரெல்லாம் இறைச்சி வாசனை, நம் வீட்டில் பருப்பும் பூசணிக்காயும். இந்தச் சங்கடம் அனுபவிக்காத தமிழ்க் குடும்பம் இந்த மண்டபத்தில் உண்டா?

ஆயா விடியற்காலையில் ஹடீடா பறவை கத்தும்போதே எழுந்து போர்வைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அங்கிள். அவருக்கு விரதம் கிடையாது. மரக்கரி மூட்டி, சுருள் சுருளாக வொர்ஸ், அதுதான் இறைச்சித் தொத்து, எடுத்து வைக்கிறார். காற்று எந்தப் பக்கம்? நேராக எங்கள் கொடிக்கு!

ஆயா மதில் ஓரம் போனார். "ஏங்க தம்பி, புரட்டாசியிலே என் போர்வைக்கு இறைச்சி வாசனை ஏத்துறீங்களே, சாமி அறைக்குப் பக்கத்திலே எப்படிப் படுப்பேன்?" அங்கிள் தங்கமான மனிதர். "ஆயா, காத்தை நானா திருப்பி விட்டேன்?" என்கிறார். "காத்தைத் திருப்ப முடியாது, அடுப்பைத் திருப்பலாமில்லே?" என்கிறார் ஆயா. பேச்சு வளர்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் மதில். மதில்மேல் யார்?

குரங்கு!

டர்பன்காரர்களுக்கு நான் குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறை ஜன்னலை நாம் மூட மறப்பது நமக்குத் தெரிவதற்கு முன் அதற்குத் தெரியும். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய்க் குரங்கு. ஆயா பேசும்போது ஆயாவைப் பார்க்கிறது, அங்கிள் பேசும்போது அங்கிளைப் பார்க்கிறது. நம் நடுவர் மாதிரியே நிதானமாக இரண்டு தரப்பையும் கேட்டது. கேட்டு முடித்து, மெதுவாக இறங்கி, அங்கிள் மேசையில் இருந்த ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் தாவி, கொடியில் காயும் போர்வைக்கு நடுவில் தொட்டில் கட்டியதுபோல் உட்கார்ந்து பிரித்தது!

அங்கிள் "ஐயோ என் ரொட்டி!" என்கிறார். ஆயா "ஐயோ என் போர்வை!" என்கிறார். குரங்கு ஒன்றும் சொல்லவில்லை, வாய் நிறைய ரொட்டி!

மறுபடி சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் வொர்ஸ் இருக்கிறது, ரொட்டி இல்லை. இந்தப் பக்கம் விரதம் இருக்கிறது, இறைச்சி வாசனையும் இருக்கிறது. நடுவில் குரங்குக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. விடுமுறை நாள், கடை மூடியிருக்கிறது. அங்கிள் வீட்டுக்கு விருந்தாளிகள் வரும் நேரம்.

அப்புறம் ஆயா செய்ததுதான் விஷயம். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். மாவு பிசைந்தார். அம்மா உருட்ட, சித்தி தேய்க்க, ஆயா கல்லில் சுட்டுச் சுட்டு அடுக்கினார். துணியில் சுற்றி, மதில்மேல் நீட்டி, "இந்தாங்க, சூடா இருக்கும்போதே பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்றார். அங்கிள் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, கங்கு கனன்ற அடுப்பை அவரும் மகனுமாகத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்பக்கம் போய்விட்டார்கள்! அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 24-க்கும் எங்கள் ரொட்டி மதில் தாண்டும், அவர் அடுப்பு முன்வாசலுக்குப் போகும்.

இதை ஊர் சுற்றப் போனவன் பார்த்திருப்பானா, தம்பி? நெடுஞ்சாலையில் டோல் கட்டிக்கொண்டு இருந்திருப்பான்!

தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை, நனைந்த பட்டாசு. நமக்குத் தீபாவளி வசந்தத்தில் வருகிறது. மாமரத்தில் ஊறுகாய்க்கு ஏற்ற பச்சைக்காய் தொங்குகிற நேரம். தட்டு நிறையப் பலகாரம் அடுக்கி வீடு வீடாகக் கொடுத்தனுப்புகிறோமே, அந்த அங்கிள் வீட்டுத் தட்டு என்றைக்காவது வெறும் தட்டாகத் திரும்பி வந்திருக்கிறதா? கிறிஸ்துமஸ் கேக்கோடுதான் வரும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, இது ஒன்று மட்டும். 1860 நவம்பர் 16, ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரோடு, இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதுவும் இங்கே வசந்தம்தான். அவர்களுக்குக் கரும்புக் காடு இருந்தது, தோட்டத்து லயன் வீடு இருந்தது, முற்றம் இல்லை. ஒப்பந்தம் முடிந்து, காய்கறி விளைத்து, தலையில் சுமந்து விற்று, டர்பன் காட்டோ மேனரில் ஒரு முற்றம் உண்டாக்கினார்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்ததே 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம், அது அதையும் பிடுங்கியது. 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு லாரி ஏறியபோது எங்கள் ஆயா புது மருமகள். கட்டில் ஏற்ற இடமில்லை என்றார்கள். "கட்டில் கிடக்கட்டும், இதை ஏத்துங்க" என்று ஒரு தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாராம். டின்னில் கறிவேப்பிலைக் கன்று. அந்த மரத்தில் கட்டிய கொடியில்தான் இன்றும் போர்வை காய்கிறது. எங்களுக்கு முற்றம் என்றால் அது, தம்பி. அங்கே நிற்பதற்கே மூன்று தலைமுறை ஆயிற்று. நின்று அனுபவிக்க வேண்டாமா?

ஆயா இந்த வாரமும் துவைக்கிறார். மிதிக்கக் கால் ஓடவில்லை, வாசலில் நாற்காலி போட்டுக் குரல் மட்டும் கொடுக்கிறார், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் மிதிக்கிறார்கள். நடுவரே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் 24-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். தம்பி, நீங்களும் வாருங்கள். போர்வை பிழிய ஒரு ஆள் குறைகிறது. நன்றி, வணக்கம்.