கோட்டைத் தாண்டிய பந்தும் நடுவர் பார்க்காத திரையும்

காரைக்குடியிலிருந்து வணக்கம் நண்பர்களே. கால்பந்தில் களத்து நடுவரின் தவறுகளைத் தனி அறையில் கேமராக் காட்சிகளைப் பார்த்துத் திருத்த உதவும் வீடியோ உதவி நடுவர் முறை, அதாவது வி.ஏ.ஆர்., ஆட்டத்தின் உயிரோட்டத்தைக் கெடுத்துவிடுகிறது என்று மைதானத்தில் என்னிடம் பலர் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. சாங்தே அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். கோல் கம்பத்துக்கு அப்பால் கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்கு வெளியே உருண்டுவிட்ட அந்தப் பந்தை இன்னொரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுக்க, யூசுப் அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். இல்லாததால், வீட்டில் உட்கார்ந்து நாம் அனைவரும் மீண்டும் மீண்டும் பார்த்த காட்சியை, பார்த்தே ஆக வேண்டிய அந்த ஒருவரால் மட்டும் பார்க்க முடியவில்லை. 2-1 என்று தோற்று வெளியேறினோம்.

நடுவரை வசைபாடுவதில் பயனில்லை. இதோ, கேமராவைத் தரையருகே கொண்டுபோகிறேன், பாருங்கள். நம் செம்மண் மைதானத்தில் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு, கோல்கீப்பரின் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து நடுப்பகுதியில் அறவே அழிந்திருக்கிறது. பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகக் கடந்தால்தான் வெளியே என்பது விதி. ஏறத்தாழ முப்பது மீட்டருக்கு அப்பால், பக்கக் கோட்டருகே நிற்கும் லைன்மேன், இத்தனை கால்களுக்கு நடுவே அதை எப்படித் தீர்மானிப்பார்?

2018 மார்ச்சில் விதிப்புத்தகத்தில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் பயன்பட்ட வி.ஏ.ஆர்., கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டப்படுவது ஆகிய நான்கில் மட்டுமே தலையிடும்படி அப்போது வகுக்கப்பட்டது. இறுதி முடிவு களத்து நடுவருடையதே. ஆனால், திரை இருந்தும் தவறு நேர்ந்ததுண்டு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோல், லைன்மேனின் கொடி உயர்ந்ததால் ஆஃப்சைடு, அதாவது பந்து தரப்பட்டபோதே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றார், என மறுக்கப்பட்டது. வீடியோ அறையில் இருந்தவரோ, களத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணி, முடிவு சரி என்று சொல்லிவிட்டார். அங்கே தவறியது கேமரா அன்று, மனிதர்கள் பேசிக்கொண்ட முறை. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே ஒலிவாங்கியில் முடிவை அரங்கத்துக்கு அறிவித்தது இந்த வகையில் மிகவும் நல்ல மாற்றம்.

செலவுதான் நமக்குப் பெரிய தடை. தனி அறை, தனி நடுவர்கள், ஏராளமான கேமராக்கள் எல்லாம் எல்லாப் போட்டிகளுக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஃபிஃபா 2024இல் சோதித்த 'ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்' முறையை நான் ஆர்வத்தோடு கவனிக்கிறேன். அதில் வீடியோ நடுவர் என்று எவரும் இல்லை. பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இருமுறை மறுபரிசீலனை கோரலாம், களத்து நடுவரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவெடுப்பார், கோரிக்கை வென்றால் அந்த வாய்ப்பு குறையாது. சில கேமராக்களே இருக்கும் போட்டிகளுக்காக வகுக்கப்பட்ட இம்முறைதான் நம் மாநிலப் போட்டிகளுக்கு முதலில் வர வேண்டும். ஆஃப்சைடை நூலிழையில் அளக்க அதனால் முடியாது என்பது உண்மையே. ஆயினும் தோஹாவில் நடந்தது போன்ற பிழையைக் கண்டறிய, கோல் கோட்டுக்கு நேராக ஒரு கேமரா இருந்தாலே போதும்.