மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் வாசித்தார்கள். ஓஸி ஆஸ்பர்னால் எழுந்து நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். அடுத்த பதினேழாம் நாள் காலமானார். அன்று நால்வரும் சேர்ந்து வாசித்தவை 4 பாடல்கள். மூன்று ‘பாரனாய்டு’ ஆல்பத்திலிருந்து, ஒன்று முதல் ஆல்பத்திலிருந்து. ஊரே அறிந்த பாடல்கள், அவற்றைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களுடைய மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யிலிருந்து ஒன்றுகூட இல்லை. இன்று அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1971 ஜூலையில் வெளிவந்தது. 8 உருப்படிகள், மொத்தமே 34 நிமிடம் சொச்சம். பிளாக் சாபத் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஹெவி மெட்டல் என்று நாம் சொல்கிற இசைக்கு அந்தக் கனம் முழுமையாக வந்து சேர்ந்ததும் இதில்தான். ‘பாரனாய்டு’ வேகமும் கோபமும் உள்ள ஆல்பம். இது வேறு மாதிரி. இதில் சத்தத்தைவிடத் தொய்வுதான் முக்கியம். கம்பியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, நடுநடுவே அமைதியை வைத்து உண்டாக்கிய கனம்.

அதைப் புரிந்துகொள்ள கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கைக்குப் போக வேண்டும். நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள். பள்ளி முடிந்தால் தொழிற்சாலை என்பதுதான் அங்கே வழக்கம். அயோமி தகடு வெட்டி வளைக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். வயது 17. அங்கே அவருக்குக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து இயந்திரத்தில் வலது கை மாட்டி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போய்விட்டது. அவர் இடக்கைக்காரர், அதனால் கிட்டாரில் கம்பியை அழுத்துவது வலது கைதான். வாசிப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் கேட்கச் சொன்னாராம். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கியும் மிச்ச விரல்களைக் கொண்டே ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் ஒருவரானவர்.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் அளவுக்குத் தேய்த்து, நுனிகளுக்கு இரண்டு தொப்பி செய்துகொண்டார். மேலே பழைய தோல் ஒட்டினார். தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி தட்டுப்படாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. கனமான கம்பியாக இருந்தால் வலி தாங்காது. அப்போது மெல்லிய கிட்டார் கம்பிகள் கடையில் கிடைக்காததால் பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் கம்பியை எடுத்து மாட்டிப் பார்த்தார். இந்த மூன்றாவது ஆல்பத்தில் இன்னொரு படி போனார், கம்பிகளையே தளர்த்திவிட்டார்.

எவ்வளவு தளர்த்தினார்? நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் சொன்னால் எளிது. கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமாக மூன்று கட்டையில் நிற்கும். அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். பாடகர் ஒருவர் மூன்று கட்டையை விட்டு ஒன்றரையில் உட்கார்ந்தால் கச்சேரியே எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். வினாடிக்கு 82 அதிர்வு இருந்த இடத்தில் 69தான் இருக்கும். அதே கம்பியில் இதைச் செய்ய இழுவிசையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைய வேண்டும். அவ்வளவு தளர்ந்த கம்பியை ஓங்கி மீட்டினால் முதலில் சுரம் கொஞ்சம் மேலே ஏறி, பிறகு தள்ளாடி இறங்கித் தன் இடத்துக்கு வரும். தொய்ந்த கொடிக்கயிற்றைத் தட்டிவிட்டால் ஆடி அடங்குமே, அப்படி. கிட்டார் வைத்திருப்பவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். அந்தத் தள்ளாட்டம்தான் இந்த ஆல்பத்தின் குரல். ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘இன்டு தி வாய்டு’ ஆகிய மூன்று பாடல்களிலும் அதைத் தெளிவாகக் கேட்கலாம்.

கீஸர் பட்லரும் தன் பேஸ் கிட்டாரை, அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டாரை, அதே அளவு இறக்கினார். இரண்டும் ஒரே வரியை ஒன்றாக நகர்த்துகின்றன. பேஸ் தனியாக ஒரு பக்கம், கிட்டார் தனியாக ஒரு பக்கம் என்று காது பிரித்துப் பார்க்காது, ஒரே பெரிய கருவி போலத்தான் கேட்கும். ஆனால் ஓஸி இறங்கவில்லை. அவர் குரல் எப்போதும் போல மேலேதான், மெலிதாக, கொஞ்சம் கீச்சென்றுகூட. கீழே அவ்வளவு பாரம், மேலே ஒரு தனிக் குரல், நடுவே பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தை வேறு கருவி வைத்து நிரப்பாமல் விட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் இவர்களோடு செய்த மூன்றாவது ஆல்பம் இது, கடைசியும் இதுதான்.

முதல் பாடல் ‘ஸ்வீட் லீஃப்’ ஒரு இருமலோடு தொடங்கும். அயோமி கஞ்சாப் புகை தொண்டையில் சிக்கி இருமியது, ஒலிநாடாவில் பதிவாகிவிட்டது. அதையே வெட்டித் திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டினார்கள். பாட்டும் கஞ்சாவைப் புகழ்கிற பாட்டுதான். அந்தப் புகழ்ச்சி எனக்கு ஒப்புதல் இல்லை. போதை இந்த நால்வரையும் பின்னால் என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் இருமல் முடிந்த கணத்தில் விழுகிற அந்த கிட்டார் வரி, அதை மறுக்க என்னால் முடியவில்லை.

அடுத்து வரும் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ ஆல்பத்தின் பலவீனமான இடம் என்பேன். மெட்டு கொஞ்சம் உற்சாகமாகத் துள்ளுகிறது, மற்றப் பாடல்களோடு ஒட்டவில்லை. ஆனால் வரிகளைக் கவனிக்க வேண்டும். சாத்தானை வழிபடுகிறவர்கள் என்று பேர் வாங்கிய குழு, கடவுளை நம்புவதற்கு வெட்கப்படுகிறாயா என்று பாட்டைக் கேட்கிற நம்மைப் பார்த்தே கேட்கிறது. எழுதியவர் கீஸர் பட்லர், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ பாடலில் சாத்தானே பேசுகிறான்தான். ஆனால் அவன் மனிதனிடம் சொல்வது, என்னைத் தேர்ந்தெடுத்தது நீதான் என்பது. கோயில் பிரசங்கத்தில் சொல்ல வேண்டியதை இவர்கள் ஒன்றரைக் கட்டையில் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்த்துப் பயந்தவர்களுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை.

‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ அணுகுண்டு நிழலில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பில் வார்டின் டிரம்ஸ் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. கம்பி தளர்ந்திருக்க, தாளம் மட்டும் விரைகிறது. இழுக்கும் ஒன்றும் ஓடும் ஒன்றும் ஒரே பாட்டில். இந்த ஆல்பத்தில் யாராவது ஒரே ஒரு பாடலை மட்டும் கேட்பேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு சின்ன வாத்திய இசைகள் உண்டு. ‘எம்ப்ரியோ’ 28 வினாடி, ‘ஆர்க்கிட்’ ஒன்றரை நிமிடம். பலர் இவற்றை இடம் நிரப்ப வைத்தவை என்பார்கள். அமெரிக்காவில் வெளியிட்ட நிறுவனமோ, பாடல்களின் சில பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியது. அதுதான் இடம் நிரப்பும் வேலை. ‘ஆர்க்கிட்’ அப்படியல்ல. அது தனி அக்கூஸ்டிக் கிட்டார், சுத்தமான விரல் வேலை. அது முடிந்ததும் ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ வந்து விழுகிறது. காதுக்கு முதலில் ஓய்வு கொடுத்துவிட்டு அடிக்கிறார்கள்.

இந்த அமைதியின் உச்சம் ‘சாலிட்யூட்’. ஐந்து நிமிடம், ஒரு இடத்திலும் உரத்த ஒலி இல்லை. அயோமியே புல்லாங்குழல் வாசித்திருக்கிறார், பியானோவும் அவர்தான். ஓஸி தாழ்ந்த, அடங்கிய குரலில் பாடுகிறார். அது ஓஸிதான் என்று பலர் நம்பவே இல்லை, பில் வார்ட் பாடியதாகப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரிந்து போனவளை நினைத்துப் பாடும் எளிய பாட்டு. ஓஸிக்குப் பாடத் தெரியாது, கத்தத்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அது அடங்கியதும் ‘இன்டு தி வாய்டு’. முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் பாட்டே இல்லை. மெதுவான ஒரு வரி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வருகிறது. அப்புறம் நின்று, வேறு ஒரு வரி தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் ஓஸி வருகிறார். பாழாக்கப்பட்ட பூமியை விட்டு ராக்கெட்டில் கிளம்புகிறவர்களின் கதை. இந்தப் பாடலை ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டுடியோக்களில் பதிவு செய்து பார்க்க வேண்டியிருந்தது, தாளம் பிடிபடவில்லை என்று அயோமி சொல்லியிருக்கிறார். கேட்டால் காரணம் புரியும். வேகம் மாறும் ஒவ்வொரு இடமும் டிரம்ஸ்காரரின் பொறுப்பு. பில் வார்டுக்கு ஜாஸ் பிடிக்கும், அவர் அடியில் எப்போதும் ஒரு ஆட்டம் இருக்கும். இயந்திரம் போல அடித்திருந்தால் இந்தப் பாட்டு செத்திருக்கும்.

இருபது ஆண்டு கழித்து கலிபோர்னியாவில் கயஸ், ஸ்லீப் போன்ற குழுக்கள் இந்த ஒரு ஆல்பத்தையே பாடப்புத்தகம் ஆக்கிக்கொண்டன. ஸ்லீப் ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டியது. சியாட்டில் குழுவான சவுண்ட்கார்டன் ‘இன்டு தி வாய்டு’ மெட்டை எடுத்து வேறு வரிகளோடு பாடியது. இன்று கம்பியை இன்னும் கீழே இறக்கி வாசிக்கும் குழுக்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி மட்டும்தான் இருக்கிறது, ‘ஆர்க்கிட்’ இல்லை, ‘சாலிட்யூட்’ இல்லை. முழு நேரமும் கனமாகவே இருந்தால் எது கனம் என்று காது எப்படி அறியும்?

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். நான் சொன்ன 69 அதிர்வு அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் வெளியே வரவே வராது, பேஸ் அதற்கும் பாதி. நல்ல ஹெட்ஃபோன் போதும். வரிசையையும் மாற்ற வேண்டாம், இருமலில் தொடங்கி அப்படியே போங்கள். நேரம் இல்லையென்றால் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை, அதாவது ‘ஆர்க்கிட்’டிலிருந்து கடைசி வரை உள்ள நான்கை மட்டும் கேளுங்கள், 18 நிமிடம்தான் ஆகும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.