அம்மா முகம் தெரிகிறது, அதுதான் பிரச்சினை

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய தம்பி என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தார்? "அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேர பத்து நாள், பதில் வர பத்து நாள். இன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் அம்மா முகம். அப்புறம் எங்கே இருக்கிறது ஏக்கம்?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், நன்றாகப் பேசுகிற பிள்ளை என்பதற்காக. ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். தம்பி, அம்மா முகத்தைப் பார்த்தால் அம்மாவைப் பார்க்கிற ஆசை அடங்குமா, கிளம்புமா?

கைபேசி வந்த பிறகு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊர் ஏக்கம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. கூடித்தான் இருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் மும்பை தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கம். அவர் தாராவியில் உட்கார்ந்துகொண்டு தாமிரபரணியை நினைத்து ஏங்கினார், நான் துபாயில் உட்கார்ந்துகொண்டு தாராவியை நினைத்து ஏங்கினேன். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை இல்லாமல் கைமாறிய ஒரே சொத்து அதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போனேன், கொரோனாவெல்லாம் முடிந்த பிறகு திரும்பினேன். கடிதக் காலத்தின் வாலையும் பார்த்தவன், கைபேசிக் காலத்தின் தலையையும் பார்த்தவன்.

கடிதக் காலம் சுகமானது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை, கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் கடிதம் வரும். ஆபீஸ் ஆள் எடுத்துக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்கு வரும்போது நாற்பது பேர் அவரைச் சுற்றி நிற்போம். வாங்கிப் பிரித்துப் படித்தால் அம்மா எழுதியிருப்பது எல்லாம் பழைய கதை: தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது, சரியாகிவிட்டது. பாருங்கள், காய்ச்சலும் அதிலேயே வருகிறது, குணமானதும் அதிலேயே வருகிறது, நடுவில் நான் தவித்த நேரம் பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் டேப்ரெக்கார்டரில் பேசிப் பதிந்து கேசட்டை ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் காலிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு டெலிபோன் பூத்தில் வரிசை. அந்த வரிசையிலேயே பாதி சோகம் போய்விடும், ஏனென்றால் முன்னால் நிற்கிறவனும் அழுமூஞ்சி, பின்னால் நிற்கிறவனும் அழுமூஞ்சி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்புதான் வரும். பேசி முடித்தால் கார்டில் பணம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வரை நான் துபாயில் இருப்பேன். கவனியுங்கள், துபாயில் இருப்பேன். உடம்பும் அங்கே, மனசும் பெரும்பாலும் அங்கே.

இப்போது கைபேசிக் காலத்துக்கு வாருங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12:30 மணியிலிருந்து 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. சைட்டில் எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே அட்டையை விரித்துப் படுப்பார்கள். அப்போது நம் ஊரில் இரண்டு மணி, சாப்பிட்டு முடித்த நேரம், எல்லாரும் போனை எடுப்பார்கள். நான் இருந்த காலத்தில் அங்கே வாட்ஸ்அப்பில் கால் போட்டுப் பேச முடியாது, எழுத்து, படம், பதிந்த குரல் இவற்றைத்தான் அனுப்பலாம். அரசு அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி ஒரு செயலிக்கு மாதாமாதம் பணம் கட்டித்தான் வீடியோவில் பேசினோம், அதனால் "இலவசம், இலவசம்" என்று தம்பி நாலு தடவை சொன்னதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நான் ராத்திரி ஷிப்டு பார்த்த நாட்களில் விடியற்காலையில் கூப்பிடுவேன். தாராவியில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாள், "தண்ணி வந்திருச்சுடா" என்பாள், போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடுவாள். கட் பண்ண அவளுக்குத் தெரியாது, எனக்கு மனசு வராது. சுவரும், ஒரு நகைக்கடை காலண்டரும், அதில் கிழிக்காமல் விட்ட பழைய தேதியும்தான் திரையில் தெரியும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், முதலில் வெறும் டிரம்மில் விழுகிற பெரிய சத்தம், அப்புறம் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பைப்புக்காக மல்லுக்கு நிற்பதும் கேட்கும். அறுபத்தைந்து வயசுக்காரி குடம் தூக்கிக்கொண்டு கேமராவைக் கடந்து போவாள். நான் அந்தக் குடத்தைத் தூக்க முடியுமா? "அம்மா, வேண்டாம்மா" என்று கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. கடிதக் காலத்தில் அவள் குடம் தூக்கினாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, நடுவர் அவர்களே! தெரியாமல் இருந்தது எவ்வளவு பெரிய வரம் என்பது இந்தப் போன் வந்த பிறகுதான் புரிந்தது.

தம்பி சொல்கிற மாதிரி கைபேசி தூரத்தைக் குறைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தூரத்தை? கடல் கடந்து போகிறவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமில்லை என்று தொல்காப்பியர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார். அதையே அமீரகத்து விசா விதி கணக்குப் போட்டுச் சொல்கிறது: குடும்பத்தை அழைத்து வர மாதம் 4000 திர்ஹம் சம்பளம் வேண்டும், கம்பெனி வீடு கொடுத்தால் 3000 போதும். இதில் பாதிகூட வாங்காதவர்கள்தான் என் ரூமில் இருந்தவர்கள். அந்த விதியை எந்தப் போன் தளர்த்தியது? பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர முடியாது, ஆனால் அவர்கள் சாப்பிடுவதை, சண்டை போடுவதை, ஸ்கூலுக்குக் கிளம்புவதைத் தினமும் பார்க்கலாம் என்றால், பசியோடு இருக்கிறவனைக் கல்யாணப் பந்திக்கு எதிரில் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்த கதைதான்.

தென்காசிப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்கள் ரூமில் இருந்தார், மேல் கட்டிலில். குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்து ஊரில் மாடி வைத்து வீடு கட்டினார். வீட்டில் அப்போது யாரும் குடியில்லை, பிள்ளைகள் படிப்புக்காக மனைவி திருநெல்வேலி டவுனில் வாடகை வீட்டில். வீட்டுக்கு நாலு பக்கமும் கேமரா மாட்டினார், திருட்டுக்குப் பயந்து. ராத்திரி நாங்கள் எல்லாரும் படுத்த பிறகும் மேலே வெளிச்சம் தெரியும். என்ன அண்ணே படம் பார்க்கிறீங்களா என்று கேட்டால் போனைக் காட்டுவார்: அவர் வீட்டு கேட். கேட்டுக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருக்கும். அந்த நாய்க்கு அவர் பெயர்கூட வைத்திருந்தார்! எந்த மரத்து இலை வாசலில் விழுகிறது, பால்காரர் எத்தனை மணிக்குக் கடந்து போகிறார், கரண்ட் எப்போது போய் எப்போது வருகிறது, எல்லாம் அத்துபடி. ஒரு நாள் மழை பெய்தது. திண்ணையில் தண்ணீர் தெறிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடிதக் காலத்து ஆளாக இருந்தால் அந்த வீட்டை நினைத்தாவது பெருமைப்பட்டிருப்பார். இவருக்கு அந்தப் பெருமைகூட மிஞ்சவில்லை, அவர் அதற்கு வாட்ச்மேன் ஆகிவிட்டார், சம்பளம் இல்லாத வாட்ச்மேன், அதுவும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ரூம் என்றதும் இன்னொன்று. பெட் ஸ்பேஸ் என்றால் இங்கே பலருக்குத் தெரியும், ஒரு அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். முன்பெல்லாம் சமையல் முறை வைப்போம், ஒரு டிவி, அதன் முன்னால் எல்லாரும். புதிதாக வந்த பையன் போர்வைக்குள் அழுதால் அறைக்கே தெரியும், யாராவது ஒருவர் எழுந்து டீ போட்டுக் கொடுத்து "எனக்கும் முதல் மாசம் இப்படித்தான்டா" என்பார். அந்த டீயில்தான் நாங்கள் பிழைத்தோம். போன் வந்த பிறகு எட்டுப் பேர் காதிலும் ஒயர். ஒருவன் பட்னாவில் இருக்கிறான், ஒருவன் கண்டி பக்கத்தில் இருக்கிறான், ஒருவன் தென்காசி கேட்டில் இருக்கிறான், ரூமில் யாரும் இல்லை. அழுகிற பையனை யார் கவனிப்பது? ஊரிலும் அவன் இல்லை, இங்கே பக்கத்துக் கட்டில்காரனும் அவனுக்குச் சொந்தமில்லை. பழைய ஏக்கத்துக்குத் துணை இருந்தது, இந்தப் புது ஏக்கம் அவனவன் தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

எதிரணியில் மாட்டுங்கா ஆசிரியை அம்மா ஒரு நல்ல வாதம் வைத்தார், மறுக்க மனமில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கிருந்த நம் ஆட்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் குடும்பங்கள் வாரக்கணக்கில் தவித்ததைச் சொன்னார். உண்மை. 1,70,000 பேருக்கும் மேல் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள், நம் மும்பையில்தான் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு ஆளுக்கொரு போன் இருந்திருந்தால் உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரு வார்த்தை போதும், எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆனால் அது பயம். பயத்தைத் தீர்க்க ஒரு செய்தி போதும், ஏக்கத்துக்கு ஆள் வேண்டும். 2020-இல் என்ன நடந்தது? மார்ச் மாதம் வெளிநாட்டு விமானங்கள் நின்றன, மே 7-ஆம் தேதிதான் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவர வந்தே பாரத் விமானங்கள் கிளம்பின. அந்த இடைவெளியில் எங்கள் கேம்ப்பில் ஒருவருக்கு அப்பா இறந்தார். செய்தி உடனே வந்தது, படம் உடனே வந்தது, குளிப்பாட்டுவது, மாலை போடுவது, தூக்குவது எல்லாம் நேரலையில் வந்தது. மூத்த மகன் அவர். கொள்ளி வைக்க வேண்டிய கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெட் நடுவில் நின்று நின்று வேறு வந்தது. அவர் ஏக்கம் குறைந்தது என்று அவரிடம் போய்ச் சொல்ல இந்த அரங்கத்தில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

வளைகுடாவை மட்டுமே பேசுகிறாயே, அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறவர்கள் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று தம்பி முணுமுணுக்கிறார். சம்பளத்தில் சந்தோஷம், சரி. கலிபோர்னியாவில் அவர்கள் தூங்கப் போகும்போது இங்கே அம்மா மத்தியானச் சமையலுக்கு அரிசி களைகிறாள், ரெண்டு பேரில் ஒருவர் எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் பேச வேண்டும். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்குமோ என்று பயந்து, தங்கச்சி கல்யாணத்துக்கு வராமல் லேப்டாப்பில் தாலி கட்டுவதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வீடுகளிலேயே உண்டு. இங்கே அந்த வீட்டுக்காரர்களைக் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், சங்கடப்படுத்த வேண்டாம்.

பொங்கலன்று தாராவி தொண்ணூறடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவோமே, அதை எனக்கு வீடியோவில் காட்டாத வருஷம் கிடையாது. போன் கை மாறிக்கொண்டே போகும், "அண்ணே பாருங்க", "மாமா பாருங்க", புகையில் யார் முகமும் சரியாகத் தெரியாது, எல்லாரும் "குலவை கேட்குதா, கேட்குதா" என்பார்கள். கேட்கும். ஸ்டோரில் சிமென்ட் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டே கேட்பேன். அன்றைக்கு முழுக்க அந்தக் கணக்கு உதைக்கும், சூப்பர்வைசர் திட்டுவார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணித் தலைவர் பேச வருகிறார், அவருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகிறேன். வீடியோவில் பார்த்ததில் ஏக்கம் தீர்ந்துவிட்டது என்றால், ஸ்கூல் லீவு விடுகிற ஜூலை மாதத்தில் துபாயிலிருந்து மும்பைக்கு வருகிற விமானத்தில் டிக்கெட் விலை ஏன் ஐயா அப்படி ஏறுகிறது? அந்த விலையைக் கொடுத்து, கடன் வாங்கிக் கொடுத்து, முப்பது கிலோவுக்கு மேல் போன பெட்டியை ஏர்போர்ட் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டு, இந்தச் சனம் எதைப் பார்க்க ஓடி வருகிறது? பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் உரையை ஆரம்பியுங்கள்.