ஒரே முனை, வேறு வேறு கேபிள்

நேயர்களுக்கு வணக்கம்.

போனில் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுகிறோம். அடுத்து சார்ஜரை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற கேபிளை யாரும் விசாரிப்பதில்லை. என்னைக் கேட்டால் விசாரணையை அங்கேதான் தொடங்க வேண்டும். அதிலும், இன்று எல்லார் வீட்டு மேஜை இழுப்பறையிலும் சிக்கிக் கிடக்கிற டைப்-சி கேபிளிலிருந்து.

டைப்-சி முனைக்கான விதிமுறை 2014-இல் வெளியானது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் நுழையும். போன், லேப்டாப், இயர்போன், டிரிம்மர் எல்லாவற்றுக்கும் அதே முனை. ஆப்பிள்கூட 2023-இல் ஐபோன் 15-இல் இதற்கு இறங்கி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. லேப்டாப்புக்கு அதே சட்டம் குறித்த தேதி 2026 ஏப்ரல் 28. நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றாக்கப்பட்டது முனை மட்டும். உள்ளே ஓடுகிற கம்பிகள் ஆளுக்கொரு மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. முறைப்படி சான்று பெற்ற கேபிளில் 60 வாட் அல்லது 240 வாட் என்று முத்திரை இருக்கும். சான்று வாங்காமலே கடைக்கு வருகிறவை ஏராளம். அவற்றில் ஒன்றும் எழுதியிருக்காது, அல்லது மனம் போனபடி எழுதியிருக்கும். திறனை அச்சிடாத கேபிளை விற்கவே கூடாது என்று ஒரு விதி வந்தால் பாதித் தலைவலி தீரும்.

முதலில் மின்சாரம். இரண்டு பக்கமும் சி முனை உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 வாட். அதற்கு மேலே 5 ஆம்பியர் போக வேண்டுமானால், கேபிளின் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். இ-மார்க்கர் என்பார்கள். சார்ஜர் முதலில் அந்தச் சிப்பிடம் "நீ எவ்வளவு தாங்குவாய்?" என்று கேட்கும். பதில் வரவில்லை என்றால் 3 ஆம்பியரைத் தாண்டாது. பதில் வந்தால் 100 வாட்; 2021-இல் வந்த திருத்தத்தின்படி 48 வோல்ட்டில் 240 வாட் வரை.

இதில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருக்கும். மூன்றைத் தாண்டிய அந்தக் கால் ஆம்பியருக்காக, 5 ஆம்பியர் கேபிள் தேவைப்படுகிறது. போனோடு வந்த கேபிளைச் செருகினால் 60 வாட்டோடு நின்றுவிடும். சில லேப்டாப்புகள் பேசாமல் ஏற்றிக்கொள்ளும். சில, சார்ஜர் போதவில்லை என்று திரையில் முணுமுணுக்கும். சார்ஜர் பழுது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. தேவையில்லாத செலவு.

அடுத்தது கம்பியின் கனம். கேபிளின் உறை மேல் உற்றுப் பார்த்தால் 28 ஏ.டபிள்யூ.ஜி, 24 ஏ.டபிள்யூ.ஜி என்று எண்கள் இருக்கலாம். எண் குறையக் குறைய கம்பி தடிமன். இரண்டு எண் இருந்தால், பெரிய எண் தரவுக் கம்பிக்கு, சிறிய எண் மின்சாரக் கம்பிக்கு. இரண்டுமே 28 என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஏன் என்றால், 28-ஆம் எண் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆக ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1.3 வோல்ட் கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். 5 வோல்ட் புறப்பட்டால் போனுக்குப் போய்ச் சேர்வது 3.7. இது ஆகாது என்று போன் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் ஆமை வேகத்தில் ஏறும். அதுவே 24-ஆம் எண் கம்பியானால் இழப்பு அரை வோல்ட்தான். இதே காரணத்தால்தான் வேக சார்ஜர்கள் ஆம்பியரைக் கூட்டாமல் 9 வோல்ட், 15 வோல்ட் என்று வோல்ட்டைக் கூட்டுகின்றன. மூன்று மீட்டர் மெல்லிய கேபிளை வாங்கி, கட்டிலில் படுத்தபடியே வேக சார்ஜ் ஏற்றலாம் என்று நினைத்தால், நடக்காது.

சில போன் நிறுவனங்கள் பொது முறையை விட்டுத் தங்கள் சொந்த முறையில் சார்ஜ் ஏற்றுகின்றன. அவற்றுக்கு அவர்கள் சார்ஜரும் அவர்கள் கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வேகம் சரிந்துவிடும். அந்தக் கேபிள் தொலைந்தால் அதே நிறுவனத்துக் கேபிளையே வாங்குவது நல்லது.

இப்போது தரவு. டைப்-சி முனையில் 24 பின்கள். ஆனால் சார்ஜுக்காக விற்கிற கேபிளில் வேகத் தரவுக்கான கம்பிகளே இருக்காது. அது யூ.எஸ்.பி 2.0 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். போன் பெட்டிக்குள் வருகிறவை பெரும்பாலும் இந்த ரகம். 240 வாட் என்று பளிச்சென்று எழுதிய கேபிளும் தரவில் 480 ஆக இருக்கலாம். வாட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. சோதிப்பது எளிது. எஸ்.எஸ்.டி என்கிற வேகமான வெளிச் சேமிப்புக் கருவி ஒன்றை அந்தக் கேபிளால் லேப்டாப்பில் மாட்டி 4 ஜி.பி. வீடியோ ஒன்றைப் பிரதி எடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு அருகில் ஆனால் அது 2.0 கேபிள். பத்துப் பன்னிரண்டு நொடியில் முடிந்தால் 5 கிகாபிட்டோ அதற்கு மேலோ. போனை வைத்துச் சோதிக்காதீர்கள். போனின் துளையே 2.0 ஆக இருக்கலாம். ஐபோன் 15-இல் சாதாரண மாடல் அப்படித்தான். வேகம் புரோ மாடலுக்கு மட்டும். மானிட்டரில் படம் வர வேண்டுமானாலும் வேகக் கம்பிகள் உள்ள கேபிள் வேண்டும், அதோடு லேப்டாப்பின் துளையும் படத்தை வெளியே விடுகிற வகையாக இருக்க வேண்டும்.

விலை குறைந்த டார்ச், டிரிம்மர், கை விசிறியில் ஒரு விநோதம் பார்த்திருப்பீர்கள். சார்ஜர் பக்கம் பழைய செவ்வக முனை (டைப்-ஏ) உள்ள கேபிளில் சார்ஜ் ஏறும்; இருபுறமும் சி உள்ள கேபிளில் ஏறவே ஏறாது. கேபிள் மீது குற்றமில்லை. சி சார்ஜர், மறுமுனையில் இருக்கிற கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரத்தையே திறந்துவிடும். சில பைசா பெறுகிற அந்த ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்கிற குட்டிக் கணினியிலேயே இரண்டு ரெசிஸ்டர் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்து, இ-மார்க்கர் உள்ள கேபிளில் இயங்காமல் போய், பிறகு பலகையைத் திருத்தினார்கள். உங்கள் டிரிம்மரை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். பழைய செவ்வக முனை சார்ஜர் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

செருகினால் ஆடுகிறது, பாதியில் விட்டுவிடுகிறது என்றால் பெரும்பாலும் துளைக்குள் பஞ்சு. சட்டைப்பையின் தூசி உள்ளே அழுந்தி, முனை முழுதாக நுழையாது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் துளையின் உட்சுவர் ஓரமாக மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, ஊக்கு வேண்டாம். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கின் இரு பக்கமும் பின்கள். கீறினால் போர்டே போகும்.

இன்னும் இரண்டு பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று, சி கேபிளை நீட்டிக்கிற எக்ஸ்டென்ஷன். விதிமுறையிலேயே அதற்கு இடமில்லை. கேபிளின் சிப் 5 ஆம்பியர் என்று சொல்லும், நடுவில் இருக்கிற நீட்டிப்பு எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று காந்த முனைக் கேபிள். பின்கள் வெளியே தெரிந்தபடி கிடக்கும். லேப்டாப்புக்கு அது ஆபத்து.

வாங்குவதானால் இரண்டு போதும். சார்ஜுக்கு, 5 ஆம்பியர் தாங்குகிற, இரண்டு மீட்டருக்கு மிகாத ஒன்று, தரவு 2.0 ஆனாலும் பரவாயில்லை, வளைக்க எளிதாக இருக்கும். தரவுக்கும் மானிட்டருக்கும், 40 கிகாபிட் என்று குறித்த குட்டைக் கேபிள். அந்த வேகத்தில் சாதாரணக் கேபிள் 80 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதே வேகத்தை இரண்டு மீட்டருக்கு மலிவு விலையில் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். வாங்கியதும் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது. முனை கறுத்திருந்தாலோ, கை வைக்க முடியாமல் சுட்டாலோ, அந்தக் கேபிளை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வீட்டில் யாராவது எடுத்து மறுபடி செருகுவார்கள்.

வணக்கம்.