தேய்ந்துபோன ஒரு கேசட்

வணக்கம். முதலில் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவோம். கிறிஸ் லெடூ. அமெரிக்கக் கௌபாய், பாடகர். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஓர் எக்ஸ் நிற்கும், அது வாய்க்கு வரக் கூடாது. பிரெஞ்சு வழியில் வந்த பெயர். அதை அழுத்திச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகைக்கு ‘நீ இந்தப் பக்கத்து ஆள் இல்லை’ என்று பொருள்.

கௌபாய் பாடகர் என்றதும் பெரிய தொப்பியும் பளபளக்கும் இடுப்புப் பட்டையும் கிடாரும் கண்முன் வரும். டெக்ஸஸ் பக்கம் ஒரு கேலிப் பேச்சு உண்டு: ‘தொப்பிதான் இருக்கிறது, மாடு இல்லை.’ பந்தா மட்டும் காட்டுகிறவர்களுக்குச் சொல்வது. மேடையில் தொப்பி வைத்துப் பாடியவர்களில் பலருக்கு இது பொருந்தும். லெடூவுக்குப் பொருந்தாது. அவருக்குத் தொப்பி, மாடு, குதிரை, முறிந்த எலும்புகள் எல்லாமே இருந்தன. இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவரைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் குரலை விட்டுவிட்டு முதலில் சொல்வது இதைத்தான்: ‘அவர் நிஜம்.’

அவர் எதில் நிஜம் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முரட்டுக் குதிரை, காளைகளின் மேல் ஏறிக் கௌபாய்கள் திறமை காட்டும் போட்டி விழாவுக்கு ரோடியோ என்று பெயர். அதில் பேர்பேக் என்று ஒரு போட்டி உண்டு. சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது. குதிரையின் முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு தோல்பட்டையை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் பெட்டியின் கைப்பிடி மாதிரி ஒரு பிடி இருக்கும். கையுறையில் பிசின்பொடியைத் தேய்த்து, அந்தப் பிடிக்குள் ஒரு கையைத் திணித்துக்கொள்ள வேண்டும். இழுத்தாலும் லேசில் வராத அளவுக்கு இறுக்கம். இன்னொரு கை காற்றில்தான். அது குதிரையிலோ உடம்பிலோ பட்டால் மதிப்பெண் கிடையாது. கதவு திறந்ததும் குதிரையின் முதல் துள்ளலில், அதன் முன்னங்கால்கள் தரையில் படும்போது, சவாரிக்காரரின் பூட்ஸ் குதிகாலில் மாட்டிய குதிமுட்கள் அதன் தோளுக்கு மேலே இருந்தாக வேண்டும். அங்கே தவறினாலும் போச்சு. அப்புறம் எட்டு விநாடி. அவ்வளவுதான். நம்மில் ஒருவர் தும்மி மூக்கைத் துடைத்துக்கொள்ளும் நேரம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண். அதில் பாதி மனிதனுக்கு, பாதி குதிரைக்கு. சாதுவான குதிரையில் ஏறி எட்டு விநாடியும் நன்றாக உட்கார்ந்திருந்தால் பரிசு வராது. முரட்டுக் குதிரை கிடைத்தால்தான் ஆளுக்கே பெருமை. அதனால் ரோடியோக்காரர்கள் குதிரைகளின் பெயரையும் மறப்பதில்லை.

லெடூ 1948இல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் பிறந்தார். அப்பா விமானப்படைக்காரர், அதனால் ஊர் ஊராக வளர்ந்தார். பதின்மூன்று வயது வாக்கிலேயே ரோடியோவில் இறங்கிவிட்டார். பள்ளிப் படிப்பு வயோமிங் மாநிலத்தின் ஷையானில் முடிந்தது. கல்லூரிக்கும் ரோடியோ உதவித்தொகையில்தான் போனார். 1970இல் இதுவே தொழில் என்று கிளம்பினார். 1976இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியின் முடிவில் பேர்பேக் பிரிவின் உலக சாம்பியன். அந்தப் பேச்சில் அடிபடும் குதிரையின் பெயர் ஸ்டார்மி வெதர். புயல் மழை என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

தொழில் என்றேன். சம்பளமில்லாத தொழில் அது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் சவாரிக்காரரே கட்ட வேண்டும். பெட்ரோல் அவருடையது, சாப்பாடு அவருடையது. இரவெல்லாம் வண்டி ஓட்டி நூற்றுக்கணக்கான மைல் போய், மூன்றாவது விநாடியில் மண்ணில் விழுந்தால் கையில் ஒன்றுமில்லை. அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இந்தச் செலவை ஈடுகட்டத்தான் லெடூ பாட்டை நாடினார். தான் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையையே பாட்டாக எழுதி, நண்பர் ஒருவர் வீட்டு நிலவறையில் பதிவுசெய்தார். பெற்றோரின் துணையோடு சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். போட்டி நடக்கும் மைதானத்துக்கு வெளியே பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக் கேசட் விற்றார்.

வாங்கியவர்கள் யார்? அவரோடு சேர்ந்து மண்ணில் விழுந்தவர்கள்தான். பண்ணைக் கூலியாட்கள், மாட்டுக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது, வானொலியும் கண்டுகொள்ளவில்லை. அப்படியிருந்தும் 1982க்குள் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிருந்தன. 1989க்குள் 22 ஆல்பங்கள். குரலை மட்டும் வைத்துச் சொன்னால் அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசையின் பெரிய குரல் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான குரல். நெடுஞ்சாலையில் நள்ளிரவில் தனியாக வண்டி ஓட்டுகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பிடித்த பாட்டு வரும் இடத்தில்தான் நாடா முதலில் தேயும். திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அங்கே மட்டும் சத்தம் குழறும். 1989இல் கார்த் புரூக்ஸ் என்ற புதுப் பாடகர் தன் முதல் பாட்டை வெளியிட்டார். அதுவும் களைத்துப்போன ஒரு ரோடியோக்காரனின் பாட்டுதான். அவனுக்கு மிச்சமிருக்கும் துணைகளில் ஒன்றாகக் கிறிஸ் லெடூவின் தேய்ந்துபோன கேசட்டையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார். நாடே ‘யார் இந்த லெடூ?’ என்று கேட்டது. பழைய ரசிகர்கள் அதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்: ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?’

பெரிய நிறுவன ஒப்பந்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. 1992இல் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு முதல் பத்துக்குள் ஏறியது. கச்சேரி மேடையில் இயந்திரக் காளை, வாணவேடிக்கை என்று அமர்க்களம். ஆனால் நிகழ்ச்சி முடிந்தால் வயோமிங்கின் கேசி என்ற ஊரை ஒட்டிய தன் பண்ணைக்குத் திரும்பிவிடுவார். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். மனைவி, ஐந்து பிள்ளைகள், மாடுகள். ஓய்வு நேரத்தில் வெண்கலச் சிற்பம் செய்வார். இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் வருகிறேன்.

ஈரலின் பித்தநாளங்கள் சுருங்கி அடைபடும் நோய் அவரைப் பிடித்தது. மாற்று ஈரல் தேவைப்பட்டபோது கார்த் புரூக்ஸ் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தார். பொருந்தவில்லை. வேறொருவருடைய ஈரல் கிடைத்து 2000 அக்டோபரில் அறுவை நடந்தது. தேறி வந்து இன்னும் இரண்டு ஆல்பங்கள் கொடுத்தார். 2004 நவம்பரில் பித்தநாளத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2005 மார்ச் 9 அன்று காஸ்பர் நகரில் காலமானார். வயது 56.

ரசிகர்கள் அவரை எப்படி அனுப்பிவைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ரோடியோவில் எட்டு விநாடி முடிந்து மணி அடித்ததும், சவாரிக்காரர் இறங்கி, மண்ணில் கிடக்கும் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு வேலியோரம் நடந்து வருவார். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ‘நல்ல சவாரிப்பா’ என்பார்கள். கார்த் புரூக்ஸ் அதே ஆண்டு வெளியிட்ட அஞ்சலிப் பாட்டுக்கு அதையே தலைப்பாக வைத்தார். ‘குட் ரைடு கௌபாய்.’ அழுகைப் பாட்டு இல்லை, துள்ளாட்டம் போடுகிற பாட்டு. முதலில் கேட்டபோது எனக்குக்கூட ‘என்னடா இது, சாவுக்கு இப்படியா’ என்று தோன்றியது. வேலியோரக் காட்சி தெரிந்த பிறகுதான் பிடிபட்டது.

கேசியில் 2010இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதன் பெயரும் ‘குட் ரைடு கௌபாய்’தான். ஆளைவிட ஒன்றரை மடங்கு பெரியது. பக்கத்து ஊரான பஃபலோவின் சிற்பி டி. மைக்கேல் தாமஸ் செய்தது. கையில் கிடாரோடு மைக் முன்னால் நிற்கும் பாடகரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே இருப்பது 1976ஆம் ஆண்டுச் சவாரி. வெண்கலத்தை உருக்கிச் சவாரிக்காரர்களை வடித்த ஆள், கடைசியில் தானும் வெண்கலத்தில், துள்ளும் குதிரைமேல். பாதி மதிப்பெண் குதிரைக்கு என்றேன் அல்லவா, ஸ்டார்மி வெதருக்கும் சிலையில் பங்கு கிடைத்துவிட்டது. ரோடியோவின் புகழ் மண்டபத்தில் அவரைச் சவாரிக்காகவும் இசைக்காகவும் இரண்டு பிரிவுகளில் சேர்த்தார்கள். ஜூன் மாதம் கேசியில் அவர் பெயரில் ரோடியோ நடக்கிறது. அப்பாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த மகன் நெட், இப்போது முன்னால் வந்து மைக் பிடித்துப் பாடுகிறார்.

சரி, நான் பேசியது போதும். நண்பர் ஸ்பீக்கரைத் தயாராக வைத்திருக்கிறார். கேசட் இல்லை, மன்னிக்க வேண்டும், செல்போனிலிருந்துதான் வரும். முதலில் அந்த 1992ஆம் ஆண்டுப் பாட்டு. இரண்டு குரல் கேட்கும். மெருகு குறைவாக, மண் ஒட்டிய மாதிரி இருப்பது லெடூ. போடுங்கள்.